கேட்காமல் சொல்லாத பாகீரதி டீச்சர்

பாகீரதி டீச்சருக்கு அறிவுரை என்றால் ஆகாது. அதனாலேயே எங்கள் கல்லூரியில் எல்லோரும் அறிவுரை கேட்க அவரிடம் போனார்கள்.

அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது. அவர் பிறந்தது மலையாள நாட்டுத் தமிழ் அக்கிரகாரமான வலியசாலையில். வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில், நாலு வீடு தள்ளி. அந்த அக்கிரகாரத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டுப் பெண் கல்லூரியில் சேரப்போகிறாள் என்றால் கணக்கா, ரசாயனமா என்ற தீர்ப்பு அடுத்த வீட்டிலிருந்து வந்துவிடும். பதினேழு வயதில் அவருக்குப் பதினொரு பேர் யோசனை சொன்னார்கள். பதினொன்றும் நல்ல யோசனைகள்தான். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

"யார் சொன்னதையும் நான் கேட்கலையாக்கும்" என்பார் டீச்சர். "எந்த வரிசையில கூட்டம் கம்மியோ அங்கே போய் நின்னேன். அது மேத்ஸா இருந்தது."

கூட்டம் குறைவான வரிசையில் நின்று வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், கணக்கு நடத்தினார். 1999-ல் நெடுமங்காடு போகும் வழியில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரி எழும்பியபோது அதில் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. கட்டடத்தில் சுண்ணாம்பு காயவில்லை. ஆசிரியர்களில் பாதிப்பேருக்கு மீசையே சரியாக வரவில்லை.

அங்கே அறுபது பிள்ளைகள் கொண்ட ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. ஸ்டாஃப் அட்வைசர் என்று பெயர். வருகைப் பதிவு, தேர்வு விண்ணப்பம், வீட்டுக்குக் கடிதம், ஹாஸ்டல் சண்டை, மனமுறிவு எல்லாம் அவர் தலையில். பாகீரதி டீச்சர் இந்த வேலையைச் செய்த விதம் விசேஷமானது. ஒரு பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். டீச்சர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தாமலே முழுக்கதையையும் கேட்பார். கடைசியில், "சரி, நீ என்ன பண்ணலாம்னு இருக்கே?" என்பார். அவன் சொல்வான். "அப்ப அதைப் பண்ணு." பையன் தெளிந்த முகத்தோடு போவான், டீச்சர் மகத்தான யோசனை சொன்னார் என்று ஹாஸ்டலில் பரப்புவான்.

இதற்கு நேர்மாறு மெக்கானிக்கல் துறைத் தலைவர் நாகேஸ்வரன். அவரும் வலியசாலைக்காரர். கையெழுத்து வாங்க வந்தவன் நாற்பது நிமிஷம் ஒழுக்கம் பற்றிக் கேட்டுவிட்டு, கையெழுத்தை மறந்து திரும்பிப் போவது அங்கே வழக்கம்.

சிக்கல் 2002-ல் முற்றியது. புதிதாகச் சேரும் இளம் ஆசிரியர்களுக்கு எந்த மென்பொருள் கம்பெனியிலிருந்து எப்போது கடிதம் வரும் என்று தெரியாது. வந்த அன்றே கிளம்பிவிடுவார்கள். ஒரு வகுப்புக்கு நாலு செமஸ்டரில் நாலு அட்வைசர். அந்த வகுப்பு லீடர்தான் ஒவ்வொரு புது அட்வைசருக்கும் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தாள். இது வெளியே தெரிந்தால் அவமானம் என்று பிரின்சிபால் ராஜையன் டீச்சரைக் கூப்பிட்டார். ராஜையன் அரசுக் கல்லூரியில் ஓய்வுபெற்று வந்தவர், நெய்யாற்றின்கரைக்காரர், எதற்கும் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்காதவர்.

"டீச்சரே, புது அட்வைசர்மாருக்கு ஒரு பயிற்சித் திட்டம் வேணும். சீனியர் ஒருத்தர், ஜூனியர் ஒருத்தர், ஜோடி ஜோடியா. நீங்கதான் டிசைன் பண்ணணும்."

"நானா? நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சாருக்குத் தெரியுமே."

"அதாக்கும் உங்களைக் கேக்குறது. நாகேஸ்வரன்கிட்ட கொடுத்தா மூணு வால்யூம் வரும்."

டீச்சர் ஒரு வாரத்தில் கொண்டுவந்தது ஒன்றரைப் பக்கம். ஏஜீஸ் ஆபீஸில் வேலை பார்த்த அவர் கணவர் அதில் இரண்டு காற்புள்ளிகளைச் சேர்த்திருந்தார். மற்றதெல்லாம் டீச்சருடையது. முதல் விதி: புது அட்வைசர் முதல் வாரத்தில் மாணவனைப் போல வரிசையில் நின்று அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி வரவேண்டும்; ஆசிரியர் என்று சொல்லக்கூடாது. இரண்டாவது: ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த ஆசிரியர் துணை, ஒரு வருடத்துக்கு. மூன்றாவதுதான் பெரிய விதி: மூத்தவர் தானாக எதையும் சொல்லக்கூடாது. புதியவர் ஒரு நோட்டில் கேள்வி எழுதவேண்டும். எழுதிய கேள்விக்கு மட்டும் பதில்.

நாகேஸ்வரன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பாகீரதி, இது எந்த ஊர் நியாயம்? குழியில விழப்போறவன் கேள்வி எழுதிக்கொண்டு வரணுமோ?"

"குழியைப் பத்தி நாப்பது நிமிஷம் கேட்டவனும் விழத்தானே செய்யறான்."

"அவன் கவனிக்கலை. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"அதையேதான் நானும் சொல்லறேன்."

குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. திட்டம் ஜூலையில் தொடங்கியது. புது அட்வைசர்கள் ஐந்து பேர். பாகீரதி டீச்சருக்கு விழுந்தவன் சுஜின். பாறசாலைப் பையன், இருபத்துமூன்று வயது, எலக்ட்ரானிக்ஸ். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பதற்றத்தில் இரண்டும். மூன்றாம் செமஸ்டர் வகுப்பொன்று அவன் பொறுப்பில் வந்தது.

முதல் விதிப்படி அவன் அலுவலக ஜன்னலில் போய் நின்றான். உள்ளே சூப்பிரண்டு அஜிதா. அவரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

"ஃபோட்டோ எவிடே?"

"ஃபோட்டோ வேணும்னு போர்டுல இல்லையே."

"போர்டுல எல்லாம் எழுதினா பின்னே எனிக்கு என்ன ஜோலி? நாளைக்கு வா மோனே."

மறுநாள் ஃபோட்டோ இருந்தது, அட்வைசர் கையெழுத்து இல்லை. தன் கையெழுத்தைத் தானே போடலாமா என்று தெரியாமல் சுஜின் ஒரு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் சான்றிதழோடு வந்தவன் முகத்தில் பிள்ளைகள் மேல் என்றுமில்லாத இரக்கம் இருந்தது. அன்று முதல் அவன் வகுப்புப் பிள்ளைகள் யாரும் ஜன்னலில் இரண்டு முறை நிற்கவில்லை.

கேள்வி நோட்டும் நிறைந்தது. 'காதலிப்பதை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று ஒருத்தி கேட்கிறாள். நான் என்ன சொல்வது?' 'சிரிக்கும் வகுப்பில் நானும் சிரிக்கலாமா?' டீச்சர் பதில்கள் அரை வரியில் இருக்கும். 'அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேள்.' 'சிரி.' பிப்ரவரிக்குள் நாற்பத்திரண்டு கேள்விகள். ஐந்து வகுப்பிலும் சண்டையில்லை, விண்ணப்பம் எதுவும் தவறவில்லை. ராஜையனுக்குப் பெருமை தாங்கவில்லை. மே பத்தாம் தேதி பக்கத்துக் கல்லூரி பிரின்சிபால்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, டீச்சரைக் கொண்டு திட்டத்தை விளக்கச் செய்வதென்று முடிவாயிற்று. அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது.

பொன்செல்வியின் விஷயம் ஏப்ரல் கடைசி வாரத்தில் வெளியே வந்தது.

பொன்செல்வி சுஜின் வகுப்பு மாணவி. அப்பாவும் அம்மாவும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து பொறியியல் கல்லூரிக்கு வந்த முதல் பெண். நாலாவது செமஸ்டர் நடுவில் மஞ்சள் காமாலை வந்து இருபத்தெட்டு நாள் ஊரில் கிடந்தாள். வருகை அறுபத்தொன்பது சதவீதமாக இறங்கிவிட்டது. தேர்வெழுத எழுபத்தைந்து வேண்டும். குறைந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து மன்னிப்பு வாங்கலாம். கண்டொனேஷன் என்பார்கள். நோய்க்கு டாக்டர் சீட்டு இருந்தது. சுஜின் நம்பிக்கையோடு படிவத்தை நிரப்பி அஜிதாவிடம் கொடுத்தான்.

அஜிதா ஒரு பழைய கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "சாரே, இந்தக் குட்டிக்கு நவம்பர்ல ஒண்ணு கொடுத்தாச்சல்லோ. நாலு வருஷத்துக்கு ஒரு பிராவசியம்தான். இனி இல்ல."

நாலு வருடப் படிப்பில் ஒரே ஒரு முறை. சுஜினுக்கு அது தெரியாது. நவம்பரில் பொன்செல்விக்கு எழுபத்துநாலு சதவீதம் இருந்தது. ஒரே ஒரு சதவீதக் குறைவு. இரண்டு சிறப்பு வகுப்பு வைத்தே அதைச் சரிக்கட்டியிருக்கலாம். பாவம் பிள்ளை என்று அவனே படிவம் வாங்கி, அவனே நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தான். மழைக்காலத்துக்கு வைத்திருக்க வேண்டிய குடையை வெயிலுக்குப் பிடித்துத் தீர்த்தாயிற்று. இனி அவளுக்கு ஒரு வருடம் போகும். போனால் அவள் திரும்பி வருவாளா என்பதே சந்தேகம். வருடம் வீணானால் படிப்பு போதும் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள் என அவள் தோழிகளுக்கே தெரிந்திருந்தது.

சுஜின் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து டீச்சர் எதிரே நின்றான்.

"டீச்சரே, ஒரு தப்பு பற்றிப் போச்சு." சொல்லி முடித்தான். பிறகு, "கண்டொனேஷன் ஒரு தடவைதான்னு நான் கேக்கணும்னுகூட எனக்குத் தெரியல்ல. தெரியாத்ததை எங்ஙனே கேக்குறது?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அவருக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வந்திருந்தது. நவம்பரில் அந்தப் படிவம் சுஜின் மேஜையில் கிடந்ததை அவர் பார்த்தார். எழுபத்துநாலு என்ற எண்ணையும் பார்த்தார். இது எதற்கு இப்போது என்று நாக்கு நுனி வரை வந்தது. அவன் கேட்கவில்லை. மூன்றாவது விதி இருந்தது. அன்று அவர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

"நான் பார்த்தேன், சுஜின்" என்றார்.

"எதை?"

"அந்த ஃபார்மை. நவம்பர்லயே."

சுஜின் திரும்பி வந்த படிவத்தை நாலாக மடித்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பொன்செல்வியை வரச்சொன்னார்கள். இன்னும் கண்ணில் மஞ்சள் முழுதும் போகாத, ஒல்லியான, நெட்டையான பெண். அழவில்லை. பேருந்தைத் தவறவிட்டவளைப் போல நின்றாள்.

டீச்சர் அன்று தன் வழக்கத்துக்கு விரோதமாக ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நவம்பருக்கு முந்தின வருகைப் பதிவேடு மேஜையில் விரிந்து கிடந்தது.

"ஆகஸ்ட்ல ரெண்டு நாள் வரலையே, ஏன்?"

"அம்மாவுக்குக் காய்ச்சல், டீச்சர்."

"அக்டோபர்ல சேர்ந்தாப்போல மூணு நாள்?"

"அது வாலிபால்."

"என்ன வாலிபால்?"

"கொல்லத்துல மேட்ச். காலேஜ் டீம்ல நான் இருக்கேன்ல. காலேஜ் பஸ்லதான் போனோம்."

டீச்சரும் சுஜினும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்லூரி அனுப்பிப் போகிற நாளுக்கு டியூட்டி லீவ் உண்டு. அட்வைசர் எழுதிக் கொடுத்தால் அது வந்த நாளாகவே கணக்காகும். மூன்று நாளைச் சேர்த்தால் எழுபத்துநாலு எழுபத்தேழாகிவிடும். நவம்பரில் அவளுக்கு மன்னிப்பே தேவைப்பட்டிருக்காது.

"இதை ஏண்டி அப்பவே சொல்லலை?"

"யாரும் கேக்கலையே, டீச்சர்" என்றாள் பொன்செல்வி.

நாகேஸ்வரன் அடுத்த மேஜையில் இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்வதற்கு நிறைய இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

வழி ஒன்று இருந்தது. யாரும் போகாத வழி. அந்த மூன்று நாளுக்கு இப்போது டியூட்டி லீவ் எழுதி, நவம்பர் கண்டொனேஷன் தேவையில்லாமல் வாங்கப்பட்டது, ரத்து செய்யுங்கள் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். ரத்தானால் அந்த ஒரே வாய்ப்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

"கொடுத்த மாப்பைத் திருப்பி வாங்கிக்கோன்னா?" என்றார் அஜிதா. "பழைய காலேஜையும் சேர்த்து இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் கேட்டிட்டில்ல." ஆனால் கோப்பை எடுத்து மேலே வைத்துவிட்டார். அது நல்ல சகுனம்.

கல்லூரியின் கடிதத்தில், அப்போதே ஏன் டியூட்டி லீவ் எழுதவில்லை என்று காரணம் வேண்டும். அங்கேதான் ராஜையன் தடுமாறினார். மாணவி தெரிவிக்கவில்லை என்று எழுதலாம் என்றார். அப்படி எழுதினால் பழி அவள்மேல் விழுந்து விண்ணப்பமே தள்ளுபடியாகும் என்றார் அஜிதா. அட்வைசருக்குத் தெரியவில்லை என்று எழுதலாமா? சுஜின் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தான். அந்த ஒரு வரி அவன் வேலைக்கு உலை வைத்துவிடும்.

டீச்சர் தானே எழுதிக் கொண்டுவந்தார். 'புதிய ஆலோசக ஆசிரியருக்குத் துணையாக நியமிக்கப்பட்டிருந்த நான், இந்தப் படிவத்தை உரிய காலத்தில் பார்த்திருந்தும், நானே வகுத்த விதியின் காரணமாக எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.' இந்தத் தடவை கணவரிடம் காட்டவில்லை. காற்புள்ளிகள் முழுக்க அவருடையவை.

ராஜையன் இரண்டு முறை படித்தார். "டீச்சரே, பத்தாம் தேதி எட்டு பிரின்சிபால்மார் முன்னால இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசப்போறது நீங்களாக்கும்."

"ஆமாம்."

"இதில கையெழுத்துப் போட்டா, திட்டம் தோத்துப்போச்சுன்னு நாமளே எழுதிக்கொடுக்குற மாதிரி."

"மாதிரியெல்லாம் இல்லை, சார். தோத்துத்தான் போச்சு. அந்தக் குட்டி தோக்காம இருந்தாப் போதும்."

ராஜையன் பேனாவைத் தேடினார். பேனா அவர் பையில்தான் இருந்தது, அவகாசத்துக்காகத் தேடினார். பிறகு கையெழுத்திட்டார்.

தேர்வு மே பதினைந்தாம் தேதி. டீச்சரும் சுஜினும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மூன்று முறை போனார்கள். முதல் முறை அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பு. இரண்டாம் முறை அவர் வந்திருந்தார், கோப்பு வரவில்லை. மூன்றாம் முறை இரண்டும் இருந்தன. எழுத்தர் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதெழுதியது யாரு?" என்றார். "ஞானாக்கும்" என்றார் டீச்சர். எழுத்தர், தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட ஒரு கடிதம் இந்த மேஜைக்கு இதுவரை வந்ததில்லை என்று மலையாளத்தில் சொல்லி, மேலே அனுப்புவதாகச் சொன்னார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று சொல்லவில்லை.

அதற்கிடையில் பத்தாம் தேதி வந்துவிட்டது. குத்துவிளக்கு, பூச்செண்டு, எட்டு பிரின்சிபால்கள். டீச்சர் ஒன்றரைப் பக்கத்தை வாசித்தார். பிறகு, "இதால எங்க காலேஜ்ல ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் போகலாம், இன்னும் தெரியலை" என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னார். ராஜையன் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அப்ப மூணாவது விதியை எடுத்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எடுக்கலை" என்றார் டீச்சர். வலியசாலைப் பிடிவாதம் லேசில் போகாது. "ஒண்ணு சேர்த்திருக்கேன். வெள்ளிக்கிழமைதோறும் புது அட்வைசர் ஒரு கேள்வியை நிச்சயம் எழுதணும்: 'நான் கேட்காமல் விட்டது என்ன?' அதுக்குச் சீனியர் பதில் சொல்லியே தீரணும்."

கூட்டம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்வது கடினம், அப்போது சாப்பாட்டு மணி ஆகியிருந்தது. இரண்டு பேர் நகல் கேட்டார்கள். நாகேஸ்வரனுக்கு மட்டும் விதி மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த வெள்ளிக்காக அவர் அன்றைக்கே குறிப்பெடுக்கத் தொடங்கினார். அவருடைய ஜூனியர் அந்த வெள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தான்.

பதினான்காம் தேதி பிற்பகல் நாலு மணிக்கு அஜிதாவுக்கு ஃபோன் வந்தது. சுஜின் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஐந்தே முக்காலுக்கு உத்தரவும் ஹால் டிக்கெட்டுமாக மழையில் நனைந்து வந்தான். டிக்கெட் மட்டும் நனையவில்லை. சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. டீச்சர் வீடு போகும் காலேஜ் பஸ் போயிருந்தது. இருவரும் பெண்கள் ஹாஸ்டலுக்கு நடந்தார்கள். சுஜினை வாசலோடு நிறுத்திவிட்டு டீச்சர் மேலே போனார்.

பொன்செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தகரப்பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. காலையில் போனக்காடு பஸ்.

டீச்சர் டிக்கெட்டை நீட்டினார். அவள் வாங்கி, தன் பெயரை, எண்ணை, பாடங்களை வரிசையாகப் பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

"நாளைக்கு மேத்ஸ், டீச்சர்" என்றாள்.

"தெரியும். நான்தானே நடத்தினேன்."

"புக்கெல்லாம் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன்."

இருவரும் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்கள். முடிச்சு எஸ்டேட் முடிச்சு, தேயிலை மூட்டைக்குப் போடுவது. டீச்சரால் ஆகவில்லை, பொன்செல்வி பல்லால் இழுத்தாள். துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டபின் அடியிலிருந்து புத்தகம் வந்தது.

"எது தெரியலை?" என்றார் டீச்சர்.

பொன்செல்வி பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"மூணாவது யூனிட்ல இருந்து எல்லாமே, டீச்சர். நான் காமாலையில கெடந்தப்ப நடத்தினது."

டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, கீழே மழையில் நின்ற சுஜினிடம், வலியசாலைக்கு ஃபோன் பண்ணி இன்று வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். பிறகு துணிகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பேப்பர் எடு" என்றார்.